கதவுக்கு வெளியே கேட்ட வைத்தியம்

ஜனவரி 11

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல டெய்லர் எழுதுகிறார். இங்கே நானும் என் இருமலும் சேர்ந்து சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் ஆளும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசலாம்தான். ரொட்டிக்கடை போனில் பேசினால் கடைக்காரர், அவர் சம்சாரம், ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லோரும் காதை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பிரசவ விஷயத்தை அங்கே நின்று கத்த முடியுமா? அதனால்தான் கடிதம்.

நீ பயணம் பண்ணக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். சரி, டாக்டர் சொன்னால் சரிதான். ஆனால் உன் அம்மா இருந்திருந்தால் இந்நேரம் மூட்டை கட்டிக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றிருப்பாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளைக்கும் அம்மா இல்லை. அவர் ராத்திரி பஸ் ஓட்டப் போய்விடுவார். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஒரு பொம்பளை இல்லையே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (டெய்லர்: இறங்குகிறது. நேற்று என் வீட்டில் இரண்டு தட்டு.)

அப்புறம்தான் யோசித்தேன். எனக்குத் தெரியாத வைத்தியமா? நீ பிறந்தபோது அந்த அறைக்கு வெளியே மாசக்கணக்காக நின்றவன் நான். அந்தக் கதவும் நான் செய்ததுதான். நல்ல கனமான பலகை. ஆனால் மழைக்கு மரம் உப்பும் என்று அடியில் இரண்டு விரல் இடம் விட்டிருந்தேன். அந்த இரண்டு விரல் வழியாகத்தான் எனக்கு எல்லாம் வந்தது. எண்ணெய் வாசனை, கணப்புச் சட்டிப் புகை, தண்ணீர் ஊற்றும் சத்தம், பேச்சு. மருத்துவச்சி என்னை உள்ளே விடவில்லை. "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை, போய் விறகு பிள" என்றாள். பிளந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே போட்டுப் பிளந்தேன்.

கண்ணால் பார்த்தது ஒன்றுமில்லை. காதால் கேட்டது ஒன்றும் மறக்கவில்லை. பிள்ளை பிறக்கட்டும், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இப்போதைக்கு வயிற்றுக்கட்டுத் துணி அனுப்புகிறேன். அம்மாவின் பழைய பருத்திப் போர்வையை டெய்லர் நீளவாக்கில் கிழித்து ஓரம் அடித்துக் கொடுத்தார். பெற்றவள் வயிறு காலியான கோணி மாதிரி தொளதொளத்துக் கிடக்குமாம், அதை இழுத்துக் கட்ட வேண்டும். (டெய்லர்: கூலி வாங்கவில்லை. கோணி என்பது அவர் வார்த்தை, என்னுடையது அல்ல.)

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் பிடித்து இறங்கு.

உன் அப்பா

ஜனவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அவரும் நலம். உள்ளே இருக்கும் ஆள் ராத்திரி முழுக்க உதைக்கிறார், பகலில் தூங்குகிறார். அவங்க அப்பா மாதிரி ராத்திரி வண்டி ஓட்டத்தான் வருகிறார் போலிருக்கிறது. உங்கள் இருமலுக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

துணி வந்தது. டெய்லர் மாமாவுக்கு நன்றி, தையல் என் கல்யாணத் துணியை விட நேராக இருக்கிறது. கோணி என்று சொன்னதற்கு உங்களிடம் பேச மாட்டேன்.

அப்பா, உலகத்திலேயே கதவுக்கு வெளியே நின்று பிரசவ வைத்தியம் கற்றுக்கொண்ட ஒரே ஆள் நீங்கள்தான். கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஸ்டியரிங்கைக் கண்ணால் பார்க்காமல் ஹாரன் சத்தத்தை வைத்தே பஸ் ஓட்டுகிற மாதிரி என்றார். நான் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு அம்மா துடைப்பக் கட்டையால் தட்டிவிட்டார். மூன்றாம் மாடியில் நாங்கள் சிரித்தால் இரண்டாம் மாடியில் அவருக்குக் கூரை இடிகிறதாம்.

குளியலறைதான் ரொம்பச் சின்னது. உட்கார்ந்து கால் நீட்டினால் கதவு மூடாது. பார்க்கலாம். பயமில்லை. கொஞ்சம்தான். நீங்கள் சொல்லச் சொல்லச் செய்கிறேன்.

அன்பு மகள்

பிப்ரவரி 12

என் கண்ணுக்கு,

இங்கே நான் சௌக்கியம் என்று சொன்னால் போதாது, எனக்குத் தரையில் கால் படவில்லை. நீயும் புது ஆளும் நல்லபடியாக இருப்பீர்கள், மாப்பிள்ளை தூங்கியிருக்க மாட்டார்.

ரொட்டிக்கடைக்காரர் வேலை செய்கிற இடத்துக்கே ஓடி வந்தார். "மேஸ்திரி, பொண்ணு! பேத்தி!" என்று தெரு முனையிலிருந்தே கத்தினார். கையில் இழைப்புளி. ஜன்னல் சட்டத்தைத் தேவைக்கு மேல் இழைத்துவிட்டேன், அது இனி சின்ன ஜன்னலுக்குத்தான் ஆகும்.

இனிமேல் நீ பச்சை உடம்புக்காரி. கவனமாகக் கேள்.

முதலில் எண்ணெய். எண்ணெய்க்குச் சத்தம் கிடையாது என்று நினைப்பாய். உண்டு. உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகிற சத்தம், முதுகிலிருந்து இடுப்புக்கு. அப்புறம் ஒரு பெரிய அறை, இடுப்பில். அம்மா "ஆ" என்பாள். மருத்துவச்சி "ஆகட்டும்" என்பாள். அப்புறம் வெந்நீர். செம்பைத் தூக்கி உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், சளார் என்று விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் பிரயோஜனமில்லை. குளித்ததும் துணி கட்டு. கட்டும்போது இரண்டு பேரும் மூச்சுப் பிடிப்பார்கள். அப்புறம் கணப்புக்குப் பக்கத்தில் தலை உலர்த்தல். பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட சூடான சாறு. தண்ணீர் கேட்டால் ஒரே ஒரு வாய்தான்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது அழ விட வேண்டும். மருத்துவச்சி சொல்வாள், "அழுடி கண்ணு, நல்லா அழு, அடக்காத, தண்ணியோட தண்ணியாப் போயிடும்." நீயும் அழுவாய், தெருக்கோடி வரை கேட்கும். நுரையீரல் விரியும் போல.

கடைசியாக முக்கியமானது. பேச்சு கூடாது. உன் அம்மா அந்த அறையில் இருந்த நாளெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கதவருகே நின்று என்ன வேண்டும் என்று கேட்டால் பதிலே வராது. பேசினால் பச்சை உடம்பில் காற்று புகுந்துவிடும் என்று கட்டுப்பாடு போல. பேசாமலே ஒரு மனுஷி எல்லாம் பார்த்துக்கொண்டாள். நீயும் கொஞ்ச நாள் வாயைக் கட்டு. உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். (டெய்லர்: எனக்கும் தெரியும். பேத்திக்கு ஒரு கவுன் தைத்திருக்கிறேன், அளவு உத்தேசம்.)

புது ஆளின் உள்ளங்காலில் என் முத்தம்.

அப்பா

பிப்ரவரி 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன்.

கவுன் வந்தது. கொஞ்சம் பெரிது. போடலாம்.

கீழ் வீட்டு அம்மா இரண்டு நாள் வந்து தண்ணீர் ஊற்றினார். அப்புறம் அவருக்கு முட்டி வலி. நானே ஊற்றிக்கொள்கிறேன். உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்ள வரவில்லை. துணியும் நானே கட்டுகிறேன், ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்து நான் சுற்றிக்கொண்டே போகிறேன். ஆஸ்பத்திரி நர்ஸ் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், குடிக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அடியில் கிண்ணம் வைத்தால் சத்தம் வருகிறது, துணி வைத்தால் வரவில்லை. துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கூரையில் ஒரு ஈரக்கறை. முதலில் தட்டு அளவு இருந்தது. இப்போது ஒரு மூலை நீண்டிருக்கிறது. படுத்துக்கொண்டு பார்த்தால் அது நன்றாகத் தெரிகிறது. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

குழந்தை இருக்கிறது. அழச் சொல்ல வேண்டியதில்லை, அதுவே அழுகிறது.

பேசக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். கஷ்டமாக இல்லை.

மகள்

மார்ச் 9

என் கண்ணுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது, வீடே அமைதியாகிவிட்டது. உன் நலத்தை இந்தத் தடவை நன்றாக விவரமாக எழுது.

உன் கடிதத்தை டெய்லர் மூன்று தடவை படித்தார். நான்காவது தடவை அவர் படிக்கத் தேவைப்படவில்லை, நானே சொன்னேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கேட்டது நிற்கும். குழாயைப் பற்றி நிறைய இருக்கிறது. கூரைக்கறையைப் பற்றி இருக்கிறது. பிள்ளையைப் பற்றி "இருக்கிறது" என்று இருக்கிறது. அது இருக்கிறது என்று ரொட்டிக்கடைக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டாரே அம்மா!

மூக்கு யாருடையது? என்னுடையது என்றால் இப்போதே சொல்லிவிடு, மனசைத் தேற்றிக்கொள்கிறேன். கை விரல் நீளமா, கட்டையா? தும்மினால் ஒன்றா, இரண்டா? நீ எப்போதும் இரண்டு தும்மல்தான். உன் விரலைப் பிடித்துக்கொள்கிறதா?

குழாய்க்கு உள்ளே இருக்கும் வாஷர் போயிருக்கும். மாப்பிள்ளையை மாற்றச் சொல். துணியை நீ மாற்றிக்கொண்டு உட்கார வேண்டாம். பச்சை உடம்பு குனியக் கூடாது.

(டெய்லர்: கவுன் பெரிது என்றாய். எவ்வளவு பெரிது என்று ஒரு வார்த்தை எழுதினால் அடுத்ததைச் சரியாகத் தைப்பேன். மேஸ்திரி இரண்டு நாளாக என் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். தபால்காரர் வரும் வழி இங்கிருந்துதான் தெரியும்.)

பதில் போடு.

அப்பா

மார்ச் 25

என் கண்ணுக்கு,

நான் நலம். நீ நலம் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் வரவில்லை. தபால்காரரைத் திட்டினேன். அவர் தன் பையைக் கவிழ்த்துக் காட்டினார். பிள்ளை வைத்திருப்பவளுக்கு எழுத நேரம் ஏது என்று ரொட்டிக்கடைக்காரர் சொல்கிறார். அவருக்கு ஐந்து பிள்ளைகள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூட ஜன்னல் வேலை முடிந்தது. கண்ணாடி போட்டாயிற்று. நான் இழைத்துக் கெடுத்த சட்டத்தை வாத்தியார் அறைக்கு மாற்றிவிட்டேன், அவருக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது.

எழுத முடியவில்லை என்றால் வெறும் காகிதத்தை மடித்து உறையில் போடு. அது போதும் எனக்கு. நான் என்ன, படிக்கவா போகிறேன்.

அப்பா

மார்ச் 28

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. உங்கள் உடல்நலத்துக்கு என் விசாரிப்பு. நான் நலம்.

நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பஸ் டெப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடைசி இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்தாள். இரண்டாவது பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் மாமா. குழந்தை அழுதால் எழுந்து பால் கொடுக்கிறாள், துடைக்கிறாள், மாற்றுகிறாள், எல்லாம் சரியாகச் செய்கிறாள். முடிந்ததும் தொட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஒரு தடவை கூடக் கொஞ்சவில்லை. சிரித்தது என்று காட்டினேன். "ம்" என்றாள். சாப்பாடு பாதி. என்னோடும் பேச்சில்லை. கேட்டால், "அப்பா பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல" என்கிறாள்.

முந்தாநாள் நான் வண்டிக்குக் கிளம்பும்போது, "உங்களுக்கு வேற யாராவது கிடைச்சிருந்தா இதை நல்லாப் பாத்துப்பாங்க" என்றாள். வேலைக்கு வந்துவிட்டேன். பாதி வழியில் வண்டியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இருந்த இடத்திலேயே இருந்தாள். இப்போது கீழ் வீட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.

எனக்குப் பஸ்ஸில் எந்தச் சத்தம் எந்தக் கோளாறு என்று தெரியும். இது தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் கடிதம் என்னோடும் டெய்லரோடும் நிற்கும்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தீர்களே, நீங்கள்தான் என் மகன். அவளை ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிள்ளைக்குக் காட்ட என்று சொல்லிக் கூட்டிப் போய், நர்ஸிடம் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். இது பிள்ளை பெற்றவளுக்கு வருகிற நோய், இதற்கு மருந்து இருக்கிறது என்று மருத்துவச்சி சொல்கிறாள். அவளிடம் இப்போதுதான் போய் வந்தேன். உங்கள் பெண்டாட்டிக்குத் தனியாக எழுதுகிறேன். அதில் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

மாமா

ஏப்ரல் 2

என் கண்ணுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நலமாக இருந்துதான் ஆக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்துகிற மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளையிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். (டெய்லர்: இதை எழுத வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.)

நான் எழுதுவது வேறு விஷயம். நான் கொடுத்த அளவில் ஒரு பிழை. தச்சன் அளவு தப்பாகக் கொடுத்தால் கதவு பொருந்தாது, நின்று இடிக்கும், மரத்தின் மேல் குற்றமில்லை. அதனால் திருத்திச் சொல்கிறேன்.

என் வைத்தியம் சரிதானா என்று பார்க்க மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேஸ்திரி, இந்தப் பக்கம் காத்து அடிக்குது?"

"பொண்ணுக்குப் பிரசவ வைத்தியம் சொல்லி எழுதிட்டிருக்கேன். ஒரு தடவை சரி பாத்துடுங்க அக்கா."

"யாரு, நீயா? வைத்தியமா?" சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணி தெருவுக்கு ஓடியது. நான்தான் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே முதலிலிருந்து ஒப்பித்தேன். எண்ணெய்க்குத் தலையாட்டினாள். அறைக்குத் தலையாட்டினாள். தண்ணீர் ஒரு வாய் என்றதும், "அதெல்லாம் விட்டாச்சு. அது என் முட்டாள்தனம். நர்ஸு சொல்றதுதான் சரி, குடிக்கட்டும்" என்றாள். அப்புறம் குழந்தையை அழச் சொல்கிற இடம் வந்தது.

"குழந்தையையா? நான் எப்ப சொன்னேன்?"

"தினமும் சொன்னீங்க. 'அழுடி கண்ணு, அடக்காத'ன்னு. என் காதால கேட்டேன்."

அவள் பட்டாணியைக் கீழே வைத்தாள். "யோவ் மேஸ்திரி, பொறந்த குழந்தை எதைய்யா அடக்கும்? அது குழந்தைக்குச் சொன்னதில்ல. உன் சம்சாரத்துக்குச் சொன்னது."

அவளே சொன்னாள்.

"பெத்ததுலேர்ந்து அவ சுவத்தைப் பாத்துட்டிருந்தா. பிள்ளையைக் கொடுத்தா வாங்குவா, பால் கொடுப்பா, திருப்பிக் கொடுத்துடுவா. பக்கத்து வீட்டுல இரவல் வாங்கின பாத்திரம் மாதிரி. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அதான் தண்ணி ஊத்தறப்ப சொல்லுவேன், முகமெல்லாம் தண்ணியா இருக்கு, யாருக்கும் தெரியாது, அழுதுடு கண்ணுன்னு."

"அவ பேசாம இருந்தது?"

"பேச முடியாம இருந்தா."

"நீங்க போட்ட கட்டுப்பாடு இல்லையா அது?"

"பேசாதேன்னு ஒருத்தியைக் கட்டிப்போட நான் என்ன போலீஸா? எப்படா பேசுவான்னு நான் தவம் கிடந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா? நீ வெளிய விறகு பிளந்துட்டிருந்த. ரெண்டு மழைக்காலத்துக்குப் பத்துச்சு அந்த விறகு."

அப்புறம் நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் உன் அம்மா குளிக்கும்போது உடைந்து அழுதாளாம். மருத்துவச்சியும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அதற்குப் பிறகும் உடனே சரியாகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்றாள். உன் தலையை மோந்து பார்த்தாளாம் ஒரு நாள். இன்னொரு நாள் உன் காதைப் பார்த்து, "இவருக்கு இருக்கற மாதிரியே இருக்கு" என்றாளாம். அதுதான் முதல் பேச்சு. என் காதைக் கிண்டல் பண்ணித்தான் அவள் திரும்பி வந்திருக்கிறாள். எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

"அழுதா எல்லாருக்கும் தீந்துடுமா?" என்று கேட்டேன்.

"தீராது. தீராம போன ஒருத்தி உண்டு. அப்ப அது வியாதின்னு எனக்குத் தெரியல, கோவக்காரின்னு நெனச்சேன். இப்ப ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. கால் ஒடிஞ்சா கட்டுப் போடற மாதிரிதான், இதுல வெக்கம் எதுக்கு?"

கண்ணு, உன் அம்மா உன்னை எவ்வளவு ஆசையாக வளர்த்தாள் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு நீ வருவதற்கு முன்னாலேயே தெருமுனையில் போய் நிற்பாளே, அவள்தான். அந்த அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளும் அவளேதான்.

ஆகவே திருத்தம். பேசக் கூடாது என்று சொன்னதை அடித்துவிடு. பேசு. பேச வராவிட்டால் பேசாதே, ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக வேண்டாம். அழ வேண்டியது குழந்தை இல்லை.

நான் வரட்டுமா? மருத்துவச்சிதான் வர வேண்டும், ஆனால் இந்த மாதம் அவள் மருமகளுக்குப் பிரசவம். "நீ போ" என்கிறாள். "ஆம்பளைக்கு அங்க என்ன வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். "அது தப்பு, அதையும் சேத்துத் திருத்திக்கோ" என்றாள். இன்றைக்கே எனக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டாள். தலையணையை மடியில் போட்டுக்கொண்டு பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன். டெய்லர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறார். (டெய்லர்: தலையணை இரண்டு தடவை கீழே விழுந்தது. இப்போது விழுவதில்லை.)

வா என்று ஒரு எழுத்துப் போதும்.

அப்பா

ஏப்ரல் 11

அப்பா,

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வரவில்லை என்று நீங்கள் எழுதியபோதே தெரிந்துவிட்டது. கேட்டேன். ஒப்புக்கொண்டார். பாவம், அவருக்குப் பொய்யும் வராது, உங்களுக்கும் வராது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பெண் டாக்டர். நிறையக் கேட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரா வாரம் வந்து பேசச் சொல்லியிருக்கிறார். இதற்குப் பெயர் இருக்கிறதாம். பெயர் இருப்பது நல்லதாக இருந்தது.

இரவல் பாத்திரம் என்று அம்மாவைப் பற்றிச் சொன்னார்களே. எனக்கு எப்படித் தெரியுமா அப்பா? பஸ் ஸ்டாண்டில் யாரோ, "இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க, வந்துடறேன்" என்று விட்டுப் போன மாதிரி. நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பையை ஒன்றும் ஆகவிடவில்லை. ஆனால் அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பெற்றவள் சொல்கிற பேச்சா இது? பேசக் கூடாது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உங்கள் மேல் குற்றமில்லை.

உங்கள் கடிதத்தைக் குளியலறைக்குள் எடுத்துப் போய்ப் படித்தேன். இப்போது எழுத்தெல்லாம் நனைந்து கலைந்திருக்கிறது, டெய்லர் மாமாவிடம் சொல்லுங்கள், இனி யாருக்கும் படித்துக் காட்ட முடியாது. கீழ் வீட்டு அம்மா துடைப்பத்தால் தட்டவில்லை. மேலே ஏறி வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஒன்றும் மாறவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

வாங்கப்பா.

மே 20

அன்புள்ள டெய்லருக்கு,

மேஸ்திரி சொல்ல, மகள் எழுதுகிறாள். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லலாமா என்று மகளிடம் கேட்டேன். "பெரும்பாலும்" என்று போடச் சொல்கிறாள். ஆகவே பெரும்பாலும் சௌக்கியம். உங்கள் மிஷினும் முதுகும் எப்படி?

வந்த அன்றைக்கே குழாயைச் சரி செய்துவிட்டேன். (மகள்: சரி செய்ததில் அடுப்பங்கரை முழுக்க வெள்ளம். பாப்பாவின் அப்பாதான் பிளம்பரைக் கூட்டி வந்தார்.) பேத்தியை நான்தான் குளிப்பாட்டுகிறேன். தலையணையை விட நன்றாக ஒத்துழைக்கிறாள். முதல் நாள் மட்டும் என் மேல் ஒன்றுக்குப் போய்விட்டாள். அது மரியாதை என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். (மகள்: நான்கு நாள். மரியாதை தினமும் நடந்தது.)

வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இவள் உள்ளே டாக்டரோடு பேசுவாள். நான் பேத்தியை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருப்பேன். சுற்றிலும் பொம்பளைகள்தான். முதல் வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது, "தாத்தா, இதையும் கொஞ்சம் பிடிங்க" என்று ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாப்பிள்ளை பகல் வண்டிக்கு மாற்றிக்கொண்டார், கீழ் வீட்டு அம்மா இவளுக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறார், முட்டி வலியோடு சேர்த்து.

மருத்துவச்சியிடம் சொல்லுங்கள். சில நாள் நல்ல நாள், சில நாள் பழைய மாதிரி. போன வாரம் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. நான் பயந்துவிட்டேன். டாக்டர் அம்மா, இது ஏறி இறங்கித்தான் போகும் என்றார். இவளைக் கேட்காமல் இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். கேட்டேன், "எழுதறது நான்தானே, சொல்லுங்க" என்கிறாள். மருத்துவச்சிக்குப் பேரன் பிறந்ததற்கு என் சந்தோஷத்தைச் சொல்லுங்கள். மருமகளை அவள் பார்த்துக்கொள்வாள், தெரியும். அந்த மகன்காரனை மட்டும் வெளியே நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்புறம், பேத்திக்கு அடுத்த கவுனுக்கு அளவு அனுப்பச் சொன்னீர்களே. தோளிலிருந்து முழங்கால் வரை

மே 21

டெய்லர் மாமா,

மேலே பாதியில் நிற்கிறது, மன்னிக்கவும். அப்பா அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போது பாப்பா அழுதாள். அப்பா வழக்கம் போல எழுந்தார். என்னமோ, நான் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க இருங்க, நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கால் அந்தப் பக்கம் போனது.

பசியில்லை, ஈரமில்லை. சும்மாதான் அழுதிருக்கிறாள். தூக்கினேன். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளுக்கு மூக்கு அப்பாவுடையதுதான் மாமா, அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே சாய்ந்து படுத்தோம். மதிய வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. ஜன்னலைச் சாத்த எழ நினைத்தேன், என் சட்டையை அவள் பிடித்திருந்தாள், எழவில்லை.

விழித்தபோது மாலை. அப்பா மேசையில் அதே நாற்காலியில், கடிதத்துக்கு முன்னால், அசையாமல் உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமாக என்று கேட்டேன். "எழுதறவங்க வராம நான் என்ன பண்றது?" என்றார். கண் சிவந்திருந்தது, நான் கேட்கவில்லை.

தோளிலிருந்து முழங்கால் வரை இன்று காலை நானே அளந்தேன். நூலை உறைக்குள் வைத்திருக்கிறேன். அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததால் ஒரு விரல் கூடக் குறைய இருக்கலாம். கடிதம் ஒரு நாள் பிந்தியதற்கு அப்பா காரணமில்லை. நானும் இவளும்தான்.

அன்புடன்,
மேஸ்திரி மகள்